நாலு ஸ்குரூ அண்ணன் பையில் போட்டுக் கொடுத்தவை

பேராக் மாநிலத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அவற்றை இளைக்க வைத்தவர் ஒருவர்தான். நாலு ஸ்குரூ அண்ணன் கைக்குப் போன எந்தச் சாமானும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை. ஓடாமலும் திரும்பி வந்ததில்லை. பத்துக் கிலோ இயந்திரத்தைக் கொடுத்தால் எட்டரைக் கிலோவாக வரும். மீதி ஒன்றரைக் கிலோ, வாய் முடிந்த ஒரு பிளாஸ்டிக் பையில் பின்னாலேயே வரும்.

"இது என்னாண்ணே?" என்று வாடிக்கையாளர் பையைத் தூக்கிப் பார்த்துக் கேட்பார்.

"ஒங்க மெஷினுக்குள்ள சும்மா குந்திக்கிட்டு இருந்ததுங்க. ஒங்க சாமான், ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

எண்பதுகளின் தொடக்கம். ஆறாம் படிவம் முடித்த கையோடு, ஈப்போவில் போட்டோகாப்பி இயந்திரம் விற்கும் கடையில் 'டெமோ' பெண்ணாகச் சேர்ந்தேன். கடைக்குள் வருகிறவரின் அடையாளக் கார்டைக் கண்ணாடி மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, அவருடைய முகத்தை அவரிடமே சூடாக எடுத்து நீட்டுவது என் வேலை. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆங்கிலக் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டேன். உலகத்தில் எனக்குத் தெரியாத இயந்திரம் இனி இல்லை என்ற நினைப்பில் நடமாடினேன். அந்த நினைப்பு இரண்டாவது வாரம் வரை இருந்தது.

நாலு ஸ்குரூ அண்ணன் எங்கள் கடையின் டெக்னீஷியன். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவருடைய கொள்கை இதுதான்: எந்தச் சாமானையும் நாலு ஸ்குரூவில் நிற்க வைக்கலாம். ஐந்தாவது ஸ்குரூ இருந்தால் அந்தச் சாமானை வரைந்தவனுக்குப் பயம். ஆறாவது இருந்தால் அவனுக்குச் சொந்தக்காரன் ஸ்குரூ விற்கிறான்.

இந்தக் கொள்கை கடையில் எதையும் விட்டு வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் கிடையாது. "இங்க யாரு ஓட்டப் பந்தயம் ஓடுறா?" என்று கேட்டுக் கழற்றிவிட்டார். கடைக் கடிதங்களை அடிப்பதும் நான்தான்; என் டைப்ரைட்டரில் வரி முடியும்போது அடிக்கும் மணி திடீரென்று ஒரு நாள் காணாமல் போனது. மறுநாள் என் மேசைமேல் ஒரு சின்னப் பையில் அது உட்கார்ந்திருந்தது. "கண்ணு இருக்குல்ல தங்கச்சி, வரி முடியுறது தெரியாதா?" என்றார். எனக்கு ஒரு மாதம் தெரியவில்லை. அந்த மாதத்தில் நான் அடித்த கடிதங்களெல்லாம் தாளின் விளிம்பில் தொங்கிக்கொண்டு போயின.

அவர் சட்டையில் இரண்டே பொத்தான்கள். அவருடைய மோட்டார் சைக்கிளில் மட்கார்டு இல்லை, செயின் மூடி இல்லை, பக்கவாட்டுத் தகடுகள் இல்லை. பழைய நகரத்துச் சந்திப்பில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அவரை நிறுத்தி, இல்லாதவற்றையெல்லாம் பட்டியல் போட ஆரம்பித்தாராம். பாதியில் தாள் தீர்ந்துவிட்டது. அண்ணன் மிகுந்த மரியாதையோடு ஹேண்டில்பாரில் தொங்கிய பையை அவிழ்த்து, "எல்லாம் கூடத்தான் வருது டத்தோ," என்று பெரிய மனிதர் பட்டமும் கொடுத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் போலீஸ்காரர் அதற்குப் பிறகு அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்வாராம். இதைச் சொன்னது அண்ணன்தான், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்.

தோற்காமலும் இல்லை. அவர் மனைவி அஞ்சலை அக்கா புந்தோங்கில் இடியாப்பம் விற்பவர். அந்த இடியாப்ப அச்சில் மூன்று சாமான் அதிகம் என்று அண்ணனுக்கு உறுத்தல். திருகிக்கொண்டிருந்ததை, ஒரே நெம்புகோலில் அமுக்குகிற மாதிரி மாற்றினார். முதல் அமுக்கில் மாவு இறங்கவில்லை. இரண்டாவது அமுக்கில் அச்சின் அடித்தட்டு கழன்று சன்னல் வழியாக வெளியே போய், பக்கத்து வீட்டுச் சேவலைத் துரத்தியது. அக்கா அதன் பிறகு சமையலறை வாசலில் அவருக்கு ஒரு எல்லை வைத்துவிட்டார். "அமுக்குறது பிழையில்ல தங்கச்சி, பிடிப்புதான் பத்தல," என்று அண்ணன் என்னிடம் பல நாள் வருந்தினார்.

இனி எங்கள் தவுக்கேயைச் சொல்ல வேண்டும். தவுக்கே என்றால் முதலாளி. பெயர் சவரிமுத்து. தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசைக் குரல். நல்ல மனிதர், ஆனால் கோலாலம்பூர் தலைமையகத்தின் மேல் அவருக்கு அளவில்லாத பயம். அங்கிருந்து தொலைபேசி வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். அண்ணன் மேசையில் மிஞ்சிக் கிடக்கும் ஒவ்வொரு ஸ்குரூவையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். சில நாட்களில் கை ஓயாது.

அந்த வருடம் எங்களுக்குப் புது மாடல் வந்திறங்கியது. வெள்ளை நிறம், அழகு, வேகம். ஒரே ஒரு நோய். மத்தியானம் மழை பெய்தால் தாளைக் கசக்கித் துப்பும். ஈப்போவில் மத்தியானம் மழை பெய்யாத நாள் எது?

நோய் இருந்த இடம் இயந்திரத்தின் கடைசி அறை. தாளின் மேல் மைத்தூள் வெறும் மாவாகத்தான் வந்து உட்காரும். விரலால் தொட்டால் அழிந்துவிடும். அந்தத் தாள் இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழையும். மேல் உருளை சூடானது, தூளை உருக்கும். கீழ் உருளை ரப்பர், தாளை அமுக்கிப் பிடிக்கும். இந்த அமுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் தாள் கோணலாக இழுபடும். ஈரத் தாளாக இருந்தால் பொரித்த அப்பளமாக வெளியே வரும். புது மாடலில் இடது பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங், வலது பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங், ஆளுக்கொரு நெம்புகோல், ஆளுக்கொரு திருகாணி, இவற்றைச் சேர்த்துக் கட்ட இன்னும் சில. மொத்தம் பதினோரு சாமான். கையேட்டில் அவற்றைச் சரிசெய்ய மட்டும் ஆறு பக்கம். நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

நான் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் முழுக்கக் கறுப்பாக ஒரு பிரதி எடுத்து, அது உருளைகளுக்கு நடுவே இருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத் தாளை இழுத்தார். உருளைகள் கடித்த இடத்தில் குறுக்கே ஒரு பளபளப்பான கோடு. இடது ஓரத்தில் தடித்து, வலது ஓரத்தில் மெலிந்திருந்தது.

"பாரு, வாய் கோணிச் சிரிக்குது," என்றார்.

"கையேட்டுல இந்தச் சோதனை முப்பத்தெட்டாம் பக்கத்துல இருக்குண்ணே. ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"ரப்பர் ஷீட் சொன்னிச்சு."

அவர் காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் ரப்பர்ப் பால் சுமந்தார், பிறகு பன்னிரண்டு வருடம் ஷீட் மெஷின் ஓட்டினார். அதுவும் இரண்டு உருளைதான். உறைந்த ரப்பர் நடுவே நுழைந்து தகடாக வெளியே வரும். எந்தப் பக்கம் அமுக்கு கூடியிருக்கிறது என்று தகட்டின் ஓரத்தைத் தடவியே சொல்லிவிடுவாராம். தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டி, மெஷினைப் பழைய இரும்புக்குத் தூக்கிப் போனபோது அவர் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே அவர் மனதில் பதினோரு சாமான்களுக்கும் விடைகொடுத்துவிட்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் நடுவே காம்பார் விவகாரம் வந்தது. அங்கே ஒரு டியூஷன் நிலையத்தின் பழைய இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டு, வழக்கம்போல் ஒரு பையையும் கொடுத்துவிட்டு வந்தார். நிலையத்துக்காரர் அந்தப் பையோடு பஸ் ஏறி எங்கள் கடைக்கே வந்துவிட்டார். இயந்திரம் ஓடுகிறதா என்று தவுக்கே கேட்டார். முன்பைவிட நன்றாக ஓடுகிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது என்றார் அவர். தவுக்கே அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டார்.

"நாலு ஸ்குரூ, கேட்டுக்க. இனி ஒரே ஒரு நட்டு மிஞ்சிச்சின்னாலும் நீ வீட்டுக்குப் போலாம். கம்பெனி சாமான் கம்பெனி எடத்துலதான் இருக்கணும். கே.எல்.காரனுக்குத் தெரிஞ்சா என் கடைய மூடிடுவான்லா."

"மிஞ்சாம செய்யுறது கொஞ்சம் சூசா தவுக்கே," என்றார் அண்ணன். சூசா என்றால் மலாயில் கஷ்டம். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அது அவருக்குக் கஷ்டம்.

அன்று சாயங்காலம் நான் அவரைக் கேட்டேன். கழற்றுவதுதான் கழற்றுகிறீர்கள், அதைக் குப்பையில் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஏன் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, உரியவரிடமே கொடுத்து மாட்டிக்கொள்கிறீர்கள்?

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார். "தோட்டத்த வித்தப்ப என்னையும் இப்புடித்தான் தங்கச்சி கழட்டுனாங்க. கையில ஒரு லெட்டரு, அவ்ளோதான். எங்க போய் இருக்கணும்னு யாரும் சொல்லல. தேவையில்லன்னா தேவையில்ல, சரி. அதுக்காகத் தூக்கி வீசக்கூடாதுல்ல?"

மோட்டார் சைக்கிள் அப்போது பார்த்துக் கிளம்பிவிட்டது.

புது மாடலை வாங்கியவர்களில் மிகப் பெரியவர்கள் பழைய நகரத்தில் மாடியில் இருந்த ஒரு வக்கீல் அலுவலகம். அங்கே தலைமை குமாஸ்தா தம்பையா. இரவல் வாங்கிய பென்சிலுக்கும் ரசீது எழுதுகிற மனிதர். பேசுவதே கடிதம் மாதிரி இருக்கும். மழை தொடங்கியதும் அவரிடமிருந்து தொலைபேசி வரும். "மேற்படி இயந்திரம் மீண்டும் கசக்குகிறது" என்பார், வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை. பத்து காஜா ஊர்க் கோர்ட்டில் கேஸ், நாளைக்குள் நூறு பக்கம் நகல் வேண்டும், கசங்கிய தாளை நீதிபதி முன்னால் நீட்ட முடியாது. அண்ணன் போய்க் கையேட்டின்படி திருகிவிட்டு வருவார். ஐந்நூறு பிரதி ஓடியதும் ஏதோ ஒரு ஸ்பிரிங் களைத்துவிடும். மறுபடி கோணல்.

ஒரு திங்கட்கிழமை அண்ணன் ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலத்தோடு அங்கே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சாந்தம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தம்பையாவிடமிருந்து அழைப்பே இல்லை. இரண்டு வாரமும் மழை. தவுக்கே மகிழ்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நான் மட்டும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நல்லது நடக்கிறதென்றால் எங்கோ ஒரு பை இருக்கத்தான் வேண்டும்.

பை இருந்தது. தவுக்கேயின் மிரட்டலுக்குப் பிறகும், கழற்றியதை மறைத்து வைக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. ஒழுங்காக முடிச்சுப் போட்டுத் தம்பையாவிடம் கொடுத்துவிட்டார். தம்பையா எதையாவது ரசீது இல்லாமல் வாங்குவாரா? 'மேற்படி இயந்திரத்திலிருந்து அகற்றப்பட்ட பதினோரு பாகங்கள் நல்ல நிலையில் எங்கள் வசம் பெறப்பட்டன' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி, எங்களுக்கு ஒன்று, கோலாலம்பூர் தலைமையகத்துக்கு ஒன்று என்று அனுப்பிவிட்டார். நகல் சுத்தமாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. அந்த இயந்திரத்திலேயே எடுத்தது.

தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. தவுக்கே எழுந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தார். தலைமையகத்தோடு அவர் உட்கார்ந்து பேசியது அன்று மட்டும்தான்.

வியாழக்கிழமை பெரிய இஞ்சினியர் நேரில் வருகிறார். அதற்குள் நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று காட்ட வேண்டும். வியாழன் மத்தியானம்வரை தள்ளிப்போட்டுவிட்டுத் தவுக்கே என்னைக் கூப்பிட்டு, அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை அடிக்கச் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விநாடி முள் இல்லாத கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் உண்மைப் பெயரை நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். இத்தனை நாள் வாயில் வராத ஒரு பெயரை, முதல் தடவையாக இந்தக் கடிதத்தில் அடிக்க வேண்டியிருந்தது. இரண்டு தடவை தப்பாக அடித்தேன். வேண்டுமென்று அல்ல.

கடையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. கோப்புக்குச் சுத்தமான நகல் எடுக்காமல் தவுக்கே எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார். நகல் எடுக்கக் கடையிலிருந்த டெமோ இயந்திரத்தை இயக்கினேன். அதே புது மாடல். பதினோரு சாமானோடு. வெளியே மழை. சன்னலோரம் கிடந்த தாளைத்தான் போட்டேன், அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். முதல் நகல் அப்பளம். இரண்டாவது விசிறி. மூன்றாவது உள்ளேயே மாட்டிக்கொண்டது.

தவுக்கேயே வந்து பார்த்தார். வேறு தாள் போட்டார். அதுவும் கசங்கியது. இயந்திரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, மனிதர் பயத்தில் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை, பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாலு ஸ்குரூ. இங்க வா. இந்த மெஷின் ரோசாக் ஆயிருச்சு. ஒடனே சரி பண்ணு, அவசரமா ஒரு லெட்டர் காப்பி எடுக்கணும்."

அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தவுக்கேக்கு அப்போதுதான் உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்விட்டார். அண்ணன் கடைசி அறையைத் திறந்து, உருளைகளுக்கு நடுவே மாட்டியிருந்த தாளை மெதுவாக உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் பளபளப்புக் கோட்டை. "வலது பக்கம் லூசு," என்றார். பிறகு எழுத்தைப் பார்த்தார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"என் பேரு," என்றார். விரல் கீழே நகர்ந்து ஒரு வரியில் நின்றது. "இந்த வரியும் தெரியும். தோட்டத்துல குடுத்த லெட்டர்லயும் இதேதான் எழுதியிருந்துச்சு. 'இனி நீ தேவையில்ல'ன்னு அர்த்தம்னு அப்ப எங்க ஸ்கூல் வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு."

"நானா எழுதலண்ணே. சொன்னாங்க, அடிச்சேன்."

"தெரியும்லா. நீ எழுதியிருந்தா ஓரத்துல தொங்கும்." சிரிக்கிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "சரி பண்ணச் சொன்னாரா?"

"சொன்னாரு. நீங்க பண்ண வேணாம்ணே."

"வேலையில இருக்கறவரைக்கும் மெஷின் ரோசாக்னா பாக்கணும். கையேட்டுல எப்புடிச் செய்யச் சொல்லியிருக்கு? படி."

படித்தேன், ஆறு பக்கமும். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையேடு சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு திருகாணியையும் சொன்ன அளவு திருகினார். ஒவ்வொரு சாமானையும் இருந்த இடத்திலேயே பூட்டினார். பதினோராவது சாமானைப் பூட்டும்போது முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, பிடிக்காத மருந்தை விழுங்குகிற பிள்ளை மாதிரி. முடித்துவிட்டு, அதற்குள் திரும்பி வந்திருந்த தவுக்கேக்குக் காலியான மேசையைக் காட்டினார்.

"தவுக்கே சொன்னபடி, ஒரு நட்டுகூட மிஞ்சல."

பொத்தானை அழுத்தினேன். இரண்டு நகல் நன்றாக வந்தன. ஆனால் அவை சோதனைக்காக எடுத்த என் அடையாளக் கார்டு. மூன்றாவதாகக் கடிதத்தை வைத்தேன். சுருண்டு சுருங்கி வந்தது. தவுக்கே அந்தத் தாளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். வாசலில் கார் வந்து நின்றது.

பெரிய இஞ்சினியர் ஒரு சீனர். நல்ல உயரம், வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டவர், அதிகம் பேசாதவர். நேராக வக்கீல் அலுவலகத்துக்குப் போகலாம் என்றார். தவுக்கே, அண்ணன், கையேட்டைத் தூக்கிக்கொண்டு நான், எல்லோரும் மழையில் நடந்தோம். கையெழுத்தில்லாத கடிதம் தவுக்கேயின் சட்டைப் பையில்.

மாடியில் தம்பையா காத்திருந்தார். பதினோரு பாகங்களும் பெரிய உறையில், அரக்கு முத்திரையோடு மேசை நடுவே இருந்தன. அவற்றைப் பார்க்க வருகிறவர் கையெழுத்திட ஒரு தாளும் தயாராக இருந்தது.

இஞ்சினியர் இயந்திரத்தைத் திறந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். உள்ளே கீழ் உருளையின் இரண்டு முனைகளையும் ஒரு இரும்புப் பட்டை தாங்கியிருந்தது. பழைய கதவுத் தாழ்ப்பாள், அராவி வழவழப்பாக்கியது. பட்டையின் நடுவில், அடியில் ஒரே ஒரு ஸ்பிரிங், மோட்டார் சைக்கிள் கிளட்சிலிருந்து எடுத்தது. மாட்டிய தாளை எடுக்க அமுக்கைத் தளர்த்த வேண்டுமானால் இழுக்க, சைக்கிள் பிரேக் கம்பித் துண்டு ஒன்று. நான்கு ஸ்குரூ.

இஞ்சினியர் கறுப்புப் பிரதி எடுத்து, நடுவில் நிறுத்தி, கோட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து இடது ஓரத்தை அளந்தார், வலது ஓரத்தை அளந்தார், மறுபடி இடது. பிறகு தம்பையாவின் அலுவலகத்திலேயே மிக நமுத்த தாளைக் கேட்டு வாங்கி ஒரு கட்டு முழுவதும் ஓட்டினார். ஒன்றும் கசங்கவில்லை. அறையில் மழைச் சத்தமும் தாள் விழும் சத்தமும்தான்.

கடைசியில் மலாயில் கேட்டார். இதற்கு வரைபடம் எங்கே?

அண்ணனுக்கு வரையத் தெரியாது. "செனாங் சாஜா," என்றார், அதாவது ரொம்பச் சுலபம். சுற்றிலும் பார்த்தார். மூலையில் தரை துடைக்கும் மாப் இருந்தது. அதன் தலையைக் கழற்றினார், கழற்றுவதற்கு அவருக்கு ஒரு விநாடி போதும். இரண்டு குப்பைக் கூடைகளை எடுத்துக் காகிதத்தைக் கொட்டிவிட்டு, தம்பையா தடுப்பதற்குள் கூடைக்கு மூன்று தடித்த சட்டப் புத்தகமாக நிரப்பினார். கம்பின் இரு முனையிலும் கூடைகளை மாட்டி, தோளில் தூக்கினார். தோட்டத்தில் இப்படித்தான் பால் வாளி தூக்குவார்கள். காண்டாக் கம்பு என்பார்கள். இறங்கியிருந்த அந்தத் தோளில் கம்பு போய் உட்கார்ந்த அழகைப் பார்த்தபோதுதான், அது ஏன் இறங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

தூக்கியவர் நிற்கவில்லை. முழங்காலை மடக்கி மடக்கி, அந்தப் பழைய ஓட்டநடையில் மேசைகளுக்கு நடுவே கிளம்பிவிட்டார். தட்டெழுத்துப் பெண்கள் நாற்காலியை இழுத்து வழிவிட்டார்கள். ஒரு ஜூனியர் வக்கீல் கதவைத் திறந்து பார்த்து, உடனே மூடிக்கொண்டார். அண்ணன் ஓடிக்கொண்டே மலாயில் பாதி, தமிழில் பாதி விளக்கினார். நான் பின்னாலேயே ஓடி மொழிபெயர்த்தேன்.

"ரெண்டு கையில ரெண்டு வாளி தூக்குனா ஒரு கை சீக்கிரம் ஓஞ்சிடும், ஒடம்பு கோணிடும், பாலு சிந்தும். இப்ப கொண்டாந்திருக்கற மாடலு அதான். ஆனா தோளு ஒண்ணு. தோளு களைச்சு எறங்குனாலும் ரெண்டு வாளியும் சேந்துதான் எறங்கும். கோணாது. ஸ்பிரிங்குதான் தோளு."

இஞ்சினியர் கையுறைகளைக் கழற்றினார். அந்தக் கம்பைக் கேட்டு வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். இரண்டு அடி நடந்தார். ஒரு கூடை முன்னால் போக, ஒரு கூடை பின்னால் போக, கோலாலம்பூர் தலைமையகம் மெல்லச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டு, கோப்பு அலமாரியில் சாய்ந்து நின்றது. தவுக்கே கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் போய்க் கம்பை இரண்டு விரல் தள்ளி வைத்தார். இஞ்சினியர் மறுபடி நடந்தார். நேராக நடந்தார். அறையின் மறுகோடிக்குப் போய், திரும்பி வந்தார். முகத்தில் சின்னப் பையன் சிரிப்பு.

ஆனாலும் விதி விதிதான். பதினோரு பாகங்களையும் மறுபடி பூட்டியாக வேண்டும் என்று சொன்னார்.

அப்போது தம்பையா எழுந்தார். தாராளமாகப் பூட்டலாம், அதற்கு முன் ஒரே ஒரு கையெழுத்து தேவை என்றார். இதைக் கழற்றி அதைப் பூட்டிய பின் இனி எந்த மழையிலும் ஒரு தாளும் கசங்காது என்று இஞ்சினியர் தம் சொந்தப் பெயரில் உறுதி அளிக்க வேண்டும். தாள் தயாராக இருந்தது. பேனாவின் மூடியும் திறந்திருந்தது.

இஞ்சினியர் தாளைப் பார்த்தார். சன்னல் வழியே மழையைப் பார்த்தார். திறந்து கிடந்த இயந்திரத்தை மெதுவாக மூடினார். தம்முடைய அறிக்கைப் புத்தகத்தில் ஒரே வரி எழுதினார்: அழுத்தம் சரியாக உள்ளது. இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

தவுக்கே ஒரு அடி முன்னால் வந்தார். பாடகர் குழுவின் முதல் வரிசைக் குரலில், "எங்க ஆளு," என்றார். "எங்க கடை ஆளு." அதற்குப் பிறகு அண்ணனின் முழுப் பெயரையும் சொன்னார். என்னைப் போல் தடுமாறாமல்.

படியிறங்கும்போது மழை விட்டிருந்தது. அண்ணன் முன்னால் போய்விட்டார். மாப்பின் தலையை மறுபடி பூட்டிக் கொடுக்க மறந்துவிட்டார், அதற்கும் தம்பையாவிடமிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது. தவுக்கே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த லெட்டரு. நல்ல காப்பி வந்துச்சா, இல்லியா?"

"இன்னும் கசங்குது தவுக்கே."

"சரி, விடு. கசங்கட்டும்."

இது நடந்து சில வருடங்களாகின்றன. நான் இப்போது கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். லேசர் பிரிண்டர் என்று ஒன்று வாங்கியிருக்கிறார்கள், அதைச் சுற்றிக் கயிறு கட்டாத குறை. வந்த அன்றே மூடியைத் திறந்து பார்த்தேன். அதே இரண்டு உருளை. இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பிரிங். போன தீபாவளிக்கு ஈப்போ போனபோது அண்ணனிடம் சொன்னேன். எத்தனை சாமான் என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். "நல்லதுலா, வேலை இருக்கு," என்று திருப்தியாகத் தலையாட்டினார். கடைக் கதவின் கைப்பிடி ஒரு பையில் தொங்கிக்கொண்டிருந்தது. தள்ளினாலே திறக்கிறதாம்.

வாடகை அறை மாறும்போதெல்லாம் நான் எதை எதையோ தூக்கிப் போட்டிருக்கிறேன். சுருங்கிப்போன ஒரு கடித நகல் மட்டும் இன்னும் என் பெட்டியில், ஒரு பிளாஸ்டிக் பையில், வாய் முடிந்து இருக்கிறது. யாருக்கும் தேவையில்லாததுதான். அதற்காகத் தூக்கி வீசக்கூடாது இல்லையா?